கோமளாவுக்கு ஒரு பக்கம்

ஜூலை 9

கோயம்புத்தூர் போய்விட்டுக் கரூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும்போது நல்ல வெயில். கோமளா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கண்டக்டர் "பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் தோளைப் பிடித்து நடப்பது இந்த வருஷம்தான். முன்பெல்லாம் ஸ்கூட்டியில் பறப்பாள். எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர், பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் மீட்டிங். வீட்டில் வெப்சைட் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் புருஷன் இருக்கிறானா என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது.

இடது கண்ணைச் சர்க்கரை போன வருஷமே தின்றுவிட்டது. வலது கண்ணில் ஜன்னல் வெளிச்சமும் ஆள் நிழலும் தெரிகின்றன. இப்போது அதிலும் விழித்திரை உரிந்துவர ஆரம்பித்திருக்கிறதாம். அவளுக்குச் சொட்டு மருந்து விட்டு வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார்.

"இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும் சார். தள்ளிப்போட்டா அப்புறம் நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது."

பார்வை நிச்சயம் வருமா என்று கேட்டேன். இருப்பதைக் காப்பாற்றலாம், கொஞ்சம் கூடவும் செய்யலாம் என்றார். நிச்சயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்க என்னால் முடியவில்லை. நிச்சயமில்லாத ஒன்றுக்காகக் கண்ணில் கத்தி வைப்பதா?

டாக்டர் என்ன சொன்னார் என்று பஸ்ஸில் கோமளா கேட்டாள். சொட்டு மருந்து விடச் சொன்னார், ரெண்டு மாதம் கழித்து வரச் சொன்னார் என்றேன். எல்லாவற்றையும் சொல்லி அவளைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை. தவிர, அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாராவது இந்த மாதிரிக் காரியத்தைத் தொடங்குவார்களா? ஆவணி பிறக்கட்டும், பார்க்கலாம்.

ஜூலை 11

இரண்டு நாளாக வேறு வேலை எதையும் தொடவில்லை. கோமளாவுக்கென்று ஒரு வெப் பக்கம் எழுதி முடித்துவிட்டேன்.

அவளுடைய டச் போனை ஏப்ரலிலேயே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். விரல் பட்டு யார் யாருக்கோ கால் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பதில் என் பழைய கம்ப்யூட்டரில், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூக்கடைத்த பெண் குரல், ஆனால் தமிழ் படிக்கிறது. இணையத்தை அப்படியே திறந்துவிட்டால் விளம்பரக் குப்பையில் தொலைந்து போவாள். அதனால் பிரவுசரைத் திறந்தால் நான் எழுதிய பக்கம் ஒன்று மட்டும் வரும். முகவரி அடிக்கும் கட்டத்தையே எடுத்துவிட்டேன்.

மேலே 'கோமளாவின் வீடு' என்று தலைப்பு. எச்-ஒன் டேகுக்குள், அதாவது இது தலைப்பு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிக்குள் போட்டிருக்கிறேன். குரல் "தலைப்பு, நிலை ஒன்று, கோமளாவின் வீடு" என்று படித்தபோது அவள் சிரித்தாள். நிலை ஒன்று என்றால் என்ன என்று கேட்டாள். பக்கத்துக்குப் பெரிய தலைப்பு எச்-ஒன், அதற்குக் கீழே வருகிற பிரிவுகளுக்கு எச்-டூ, அதற்கும் கீழே எச்-த்ரீ என்றேன்.

"அப்ப எச்-ஒன் புஸ்தகத்துப் பேரு, எச்-டூ பாடம், எச்-த்ரீ பயிற்சி. அப்பிடித்தானுங்களே?"

அப்படித்தான். இவளுக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. தலைப்புக்குக் கீழே ஒரு பட்டியல். பட்டியலுக்கான யூ-எல் டேகைத் திறந்தால் குரல் முதலிலேயே "நான்கு உருப்படிகள் கொண்ட பட்டியல்" என்று சொல்லிவிடும், ஒவ்வொரு உருப்படியும் ஓர் எல்-ஐ. பழைய பாட்டு, செய்தி, ராசிபலன், சமையல் குறிப்பு. நான்கும் இணைப்புகள். இணைப்பு என்றால் கதவு, அதன் ஹெச்-ரெஃப்பில் எந்த விலாசம் எழுதியிருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விடும் என்று சொன்னேன். எல்லாமே நான் இறக்கி வைத்திருக்கும் பக்கங்கள்தான், வெளியே எதற்கும் போகாது.

சாயங்காலம் அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். வீடு நிறைந்திருந்தது.

ஜூலை 12

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம்.

ஜூலை 15

அக்காவுக்கு எழுத வேண்டும் என்கிறாள். அக்கா என்றால் ஓசூரில் இருக்கும் வசுமதி, கோமளாவுக்கு ஒரே உடன்பிறப்பு. ஏப்ரலில் இங்கே வந்து, கோமளாவைக் கூட்டிப்போய் குச்சி வைத்து நடக்கப் பழக்குகிறேன், திரும்ப வேலைக்கு அனுப்புகிறேன் என்று ஆரம்பித்தார். என் பெண்டாட்டி தெருவில் குச்சி தட்டிக்கொண்டு போக வேண்டுமா என்று நானும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோமளாவாகக் கூப்பிடாமல் அந்த வாசற்படி மிதிக்கக் கூடாது என்று தன் மனைவியிடம் சொல்லிக் கூட்டிப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று.

ஆனாலும் தினமும் அக்கா அக்கா என்று கேட்பவளிடம் எத்தனை நாள் சாக்குச் சொல்வது? அவள் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன். 'அக்காவுக்கு எழுத'. திறந்தால் ஒரு படிவம் வரும். ஒரே ஒரு எழுதும் பெட்டி, அதற்கு லேபிள், கீழே 'அனுப்பு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் 'அனுப்பப்பட்டது' என்று குரல் சொல்லும்.

படிவத்தை எங்கே அனுப்புவது என்று எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது எங்கும் போகாது. எழுதினால் அவள் மனம் ஆறும், அதற்குத்தானே கேட்டாள். நிஜமாகவே போனால் என்ன ஆகும்? அக்கா காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் கடிதம் எழுதினாள். 'அனுப்பப்பட்டது' என்று கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸுங்க" என்றாள். நான் அவளுக்குத் தட்டு வைத்தேன்.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. காற்று கதவுகளை அடிக்கிறது. நாங்கள் இருப்பது ஊர் விளிம்பில் புது லே-அவுட், மாடி வீடு. கீழ்வீட்டுக்காரர் துபாயில். சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள். நான் வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போகிறேன். படியில் இறங்கித் தடுக்கி விழுந்தால் தூக்க ஆள் இல்லை.

வசுமதி அக்காவிடமிருந்து கோமளாவின் போனுக்குச் செய்தி வந்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார், நான் வரட்டுமா. கோமளா எழுதுவதுபோலவே பதில் எழுதினேன். 'நல்லா இருக்கேன் அக்கா. அவர்தான் நான் சொல்லச் சொல்ல டைப் பண்றார். சொட்டு மருந்து விடச் சொல்லியிருக்காங்க. இப்ப வர வேண்டாம், அத்தானும் நீயும் மனஸ்தாபப்பட வேண்டாம். பேசினா கண்ணுல தண்ணி வருது, அதனால போன் பண்ணாதே.' போட்டு முடித்துப் படித்துப் பார்த்தேன். அவள் எழுதியிருந்தால்கூட இப்படித்தான் எழுதியிருப்பாள்.

ஜூலை 24

பெரிய வேலை. ஸ்ரீ வைரவேல் ஹோம் டெக்ஸ், மேஜை விரிப்பும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்கிறவர்கள். அவர்கள் வெப்சைட்டை மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் செய்து கொடுத்தேன். இப்போது அவர்களிடம் சரக்கு வாங்குகிற ஜெர்மன் பையர் ஒருவர், கண் தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி வெப்சைட் இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் ஆபீஸில் ரெஜினா என்று ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர். ஆகஸ்ட் நடுவுக்குள் முடித்தாக வேண்டும் என்று போனில் கெஞ்சினார்.

ஊரில் எத்தனை பேர் வெப்சைட் செய்கிறார்கள். சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஆள் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

கோமளாவிடம் சொன்னேன். கை தட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவள் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் ஆறாவது இணைப்பாக வைரவேல் வெப்சைட்டைச் சேர்த்தேன். வெளியே போகிற இணைப்பு இது ஒன்றுதான்.

ஜூலை 26

என் மானத்தை வாங்கிவிட்டாள்.

காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. முதல் குற்றச்சாட்டு, பக்கத்தில் தலைப்பே இல்லை. எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன் என்று சண்டைக்குப் போனேன். எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேனே தவிரத் தலைப்பு டேகுக்குள் போடவில்லை. வெறும் டிவ், அதாவது பெயரில்லாத பெட்டி. பார்ப்பவனுக்கு அது தலைப்பு, கேட்பவளுக்கு அதுவும் மற்ற வரிகளைப் போல ஒரு வரி.

படங்களுக்கு ஆல்ட் எழுதவே இல்லை. படம் என்ன என்று சொல்லும் அந்த வாசகம் இல்லாவிட்டால் குரல் கோப்பின் பெயரைப் படிக்கும். "ஐ-எம்-ஜி அடிக்கோடு நாலாயிரத்துப் பன்னிரண்டு" என்று நாற்பது தடவை கேட்டாளாம். "பெட்ஷீட் கடையில பெட்ஷீட்டத் தவிர எல்லாம் இருக்குதுங்க" என்கிறாள். இணைப்புகள் எல்லாமே 'மேலும் படிக்க', எதைப் பற்றி மேலும் என்று தெரியவில்லை. 'விலைப்பட்டியல் கேட்க' என்று நான் வண்ணம் தீட்டி வைத்திருந்த பட்டன் பட்டனே அல்ல, அதுவும் டிவ்தான். மவுஸ் இல்லாதவள் கீபோர்டில் எத்தனை தடவை டேப் சாவியை அழுத்தினாலும் அதைத் தாண்டித்தான் போகிறாள்.

கடைசியாகத் தொடர்புப் படிவம். பெட்டிகளுக்கு லேபிள் இல்லை. "எடிட், காலி. எடிட், காலி. எடிட், காலி" என்று குரல் சொல்வதை அவள் மூக்கை அடைத்துக்கொண்டு நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மூன்று வருஷமாக ஒருத்தர்கூடக் குறை சொல்லாத வெப்சைட் அது.

எந்த வரியில் தப்பு என்று அவளே சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூலத்தை, டேகுகளோடு அப்படியே திறந்து படிக்கும் சாவியைச் சொல்லிக் கொடுத்தேன். கண்ட்ரோலும் யூவும்.

ஜூலை 28

படங்களுக்கு ஆல்ட் எழுதுகிறோம். நான் படத்தைப் பார்த்துச் சொல்வேன், அவள் வெட்டிச் சுருக்குவாள். 'அழகிய நீலக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு, அதன்மீது ஒரு பூச்சாடி, பின்னால் ஜன்னல்' என்றேன். வாங்க வருகிறவனுக்குப் பூச்சாடி எதற்கு என்றாள். 'நீலக் கட்ட மேஜை விரிப்பு, ஓரத்தில் வெள்ளைக் குஞ்சம்.' அவள் சொன்னதுதான் சரி.

நடுவில் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றாள். மேகமா என்று கேட்டாள். நல்ல வெயில். மேகம்தான் என்று சொன்னேன்.

ஜூலை 30

இன்று ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, ஒரு ஃபார்ம் எங்க போய்ச் சேருதுன்னு எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. விளக்கினேன். ஃபார்ம் டேகுக்குள் ஆக்ஷன் என்று ஒன்று உண்டு. அதை ஒட்டி ஒரு விலாசம் இருக்கும். கடித உறைமேல் எழுதுகிற விலாசம் மாதிரி. அது இருந்தால்தான் அனுப்பு பட்டனை அழுத்தும்போது பெட்டியில் எழுதியது அந்த விலாசத்துக்குப் போகும். வைரவேல் படிவத்தில் அவர்கள் ஆபீஸுக்கு மெயில் அனுப்பும் நிரலின் விலாசம் இருக்கிறது, நானே எழுதியது என்றேன்.

"காலியா இருந்தா?"

காலியாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கே திரும்பி வரும், எங்கும் போகாது என்றேன். சரியான பாடம் நடத்திய திருப்தியோடு எழுந்து குளிக்கப் போனேன்.

ஜூலை 31

கோமளா சரியாகச் சாப்பிடவில்லை. சர்க்கரை குறைந்திருக்குமோ என்று விரலில் குத்திப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.  சாயங்காலம் வழக்கம்போல அக்காவுக்கு எழுத உட்கார்ந்தாள். அனுப்பு பட்டனை அழுத்தினாள். 'அனுப்பப்பட்டது' என்று குரல் சொன்னது.  பிறகு "அனுப்பீட்டனுங்க" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள். மற்ற நாட்களில் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அமராவதியில் தண்ணீர் ஓடுகிறதாம், ஊரே ஆற்றங்கரையில் இருக்கிறது. கூட்டத்தில் எப்படிக் கூட்டிப்போவது, வீட்டிலேயே தேங்காய்ச் சாதம் செய்தேன். நன்றாக வந்தது.

வலது கண்ணில் கீழேயிருந்து கறுப்புத் துணி ஏறுகிறது என்கிறாள். முன்பு ஜன்னல் முழுதாகத் தெரிந்ததாம், இப்போது மேல்பாதிதானாம். டாக்டரிடம் போன் போட்டுக் கேட்கட்டுமா என்று கேட்டாள். நானே கேட்கிறேன் என்றேன். மொட்டைமாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, கேட்டுவிட்டேன், அப்படித்தான் இருக்குமாம், பயப்பட வேண்டாமாம் என்றேன். ஆவணி பிறக்கப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. இப்போது போனால் வைரவேல் வேலையும் நடுவில் நிற்கும், சோதிக்க ஆள் இல்லாமல்.

இந்த ஆறு மாதத்தில் இந்த வீட்டில் ஒரு சண்டைகூட வந்ததில்லை. அதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

ஆகஸ்ட் 5

வைரவேல் முடிந்த மாதிரிதான். தலைப்புகள் எச்-ஒன், எச்-டூ என்று ஒழுங்காக இறங்குகின்றன. படங்கள் பேசுகின்றன. பட்டன்கள் நிஜப் பட்டன்கள். விலைப்பட்டியலைக் கட்டம் போட்ட டேபிளாக மாற்றினேன். மேலிருந்து கீழாக வரும் ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்புக் கட்டம் வைத்ததால், குரல் வெறும் எண்ணை ஒப்பிக்காமல், அது எந்த அளவுக்கான எண் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தொடர்புப் படிவத்தில் பெயர், மின்னஞ்சல், பொருள், செய்தி என்று ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள்.

"ஃபார்மை நான் சோதிச்சுப் பாக்கட்டுங்களா? நெசமா அனுப்பிப் பாத்தாத்தானுங்களே தெரியும்" என்றாள்.

இப்படி ஓர் உதவியாள் யாருக்குக் கிடைப்பாள்.

ஆகஸ்ட் 6

காலையில் கோமளா படிவத்தைச் சோதிக்க உட்கார்ந்தாள். இணைய இணைப்பைப் போட்டுவிட்டு நான் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோதும் தட்டிக்கொண்டிருந்தாள், வேர்த்திருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்றேன். பெரிய செய்தி போகுமா என்று பார்க்க நிறைய அடித்தாளாம். போயிற்றா என்றேன். "போயிருச்சுங்க. 'உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி' ன்னு சொல்லுச்சு" என்றாள். அந்த வாசகம் என்னுடையது.

ஆகஸ்ட் 7

ரெஜினா போன் செய்தார். டெஸ்ட் மெயில் எல்லாம் வந்து சேர்ந்ததாம். என் படிவம் முதல் தடவையிலேயே வேலை செய்திருக்கிறது. மேடம் சோதித்துக் கொடுத்தார்களா என்று கேட்டார். ஆமாம், என் மனைவிதான் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு வீட்டு விலாசம் கேட்டார். பகலில் வீட்டில் இருப்பீர்களா என்றும் கேட்டார். நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல் பேங்கில் ஒரு வேலை, மத்தியானம் வந்துவிடுவேன் என்றேன்.

ஏதோ மரியாதை செய்யப் போகிறார்கள் போலிருக்கிறது. போன தீபாவளிக்குப் படுக்கை விரிப்பு கொடுத்தார்கள். கோமளாவிடம் சொன்னதும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கூச்சம்.

ஆகஸ்ட் 8

பேங்கிலிருந்து வரும்போது வாசலில் ஓசூர் வண்டி நின்றது.

மாடிப்படியின் மேல் வசுமதி அக்கா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ரெஜினா. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு நின்ற அந்தப் பெண், என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லவில்லை. அக்காவின் கை கதவில் தொங்கிய பூட்டின் மேல் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கோமளாவின் குரல் கேட்டது. எதையோ சொல்லி அக்காவைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

"சாவியக் குடுங்க தம்பி" என்றார் அக்கா.

என்ன இது, ஒரு போன் செய்துவிட்டு வரக் கூடாதா, ரெஜினாவுக்கு என்னுடைய வீட்டில் என்ன வேலை என்றெல்லாம் கேட்டேன். அக்கா கையை நீட்டியபடியே நின்றார். சாவியைக் கொடுக்காமல் நானே திறந்தேன். கதவுக்குப் பக்கத்தில் கோமளா செருப்புப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். பைக்குள் துணியும் இன்சுலினும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் அடுக்கியிருந்தாள். கண் தெரியாமல் எப்படி அடுக்கினாளோ.

"நான் எழுதுனதெல்லாம் எங்க போச்சுங்க?" என்று கேட்டாள்.

உன் நல்லதுக்குத்தான் என்றேன்.  அவள் தலையை ஆட்டினாள். கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டதாகவும் ரசம் அடுப்பு மேடையில் இருப்பதாகவும் சொன்னாள். அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு படிகூடத் தவறவில்லை.

ஆகஸ்ட் 9

வைரவேல் படிவத்தில் அனுப்புவதெல்லாம் சர்வரிலும் ஒரு பிரதி சேரும். டெஸ்ட்தானே என்று நான் திறந்து பார்த்ததே இல்லை. இன்று பார்த்தேன். முதல் மூன்றும் 'சோதனை' தான். நான்காவது இது.

பெயர்: கோமளவல்லி. பொருள்: ஆர்டர் இல்லை, உதவி. செய்தி: 'இது சோதனை இல்லை. இந்த வெப்சைட் செய்கிறவரின் மனைவி நான். எனக்குக் கண் தெரியாது. இருக்கிற கொஞ்சமும் கறுத்துக்கொண்டு வருகிறது. கீழே இருப்பது என் அக்கா வசுமதியின் எண். நான் அவளைக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவளாக வர மாட்டாள், நான் கூப்பிட வேண்டும். இதைப் பற்றி என் கணவரிடம் பேச வேண்டாம். எங்கள் வீடு வெளியே பூட்டியிருக்கும். பூட்டைப் பார்த்து ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட வேண்டாம்.'

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எனக்குத்தான் கோபமாக வந்தது. கட்டின பெண்டாட்டி ஊரானிடம் எழுதுகிறாள், கூடவே இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11

ஆபரேஷன் முடிந்ததாம். அக்காவின் வீட்டுக்காரர் ஒரே வரியில் செய்தி அனுப்பியிருந்தார். வலது கண்ணுக்கு மட்டும். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன், பதில் இல்லை.

ஆகஸ்ட் 14

வைரவேல் வெப்சைட்டை ஜெர்மனியில் ஒப்புக்கொண்டார்களாம். அடுத்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகவும் முதலாளி சொன்னார். காரணம் கேட்கவில்லை.

ரசம் கெட்டுப் பாத்திரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. கொட்டிக் கழுவினேன்.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்துவிட்டது. நான் சொன்னபடி இப்போது போயிருந்தால் எல்லாம் முறைப்படி நடந்திருக்கும்.

ஆகஸ்ட் 23

கோயம்புத்தூர் போனேன். யாரும் கூப்பிடவில்லை. புருஷன் போய்ப் பார்ப்பதற்குக் கூப்பிட வேண்டுமா என்ன?

வார்டு வாசலில் ஒரு நர்ஸ். உறவு என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே பேசினாள். "பரவால்லீங்க சார், வலது கண்ணுல கை அசைவு தெரியுதுங்க. மூஞ்சிக்கு முன்னால கைய ஆட்டுனா சரியாச் சொல்றாங்க. ஒரு மாசம் முந்தி வந்திருந்தா எழுத்தே படிச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு." நான் தலையாட்டினேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். உள்ளே போய்க் கோமளாவிடம் கேட்டார். வரட்டும் என்று கோமளா சொன்னது வெளியே கேட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், இளைத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் மடக்குகிற வெள்ளைக் குச்சி ஒன்று சாய்ந்திருந்தது. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, வந்தால் உன் பக்கத்தில் இன்னும் சில இணைப்புகள் சேர்த்துத் தருகிறேன், நிஜமாகவே போகிற மாதிரி அக்காவுக்குப் படிவம் செய்து தருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜூலை மாசம் வந்தப்ப டாக்டர் உங்ககிட்ட என்னங்க சொன்னாரு?"

சொட்டு மருந்து விடச் சொன்னார், ரெண்டு மாதம் கழித்து வரச் சொன்னார் என்றேன். அன்றைக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். இப்போது போய் மாற்றிச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

அவள் குச்சியைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிங்க. அவரு சொன்னத அவரே எங்கிட்டச் சொல்லீட்டாரு. ஆபரேஷனுக்கு மொத நாளே. நீங்க என்ன சொல்லுவீங்கன்னு கேக்கோணும்னுதான் உக்காந்திருந்தேன்."

வெளியே நர்ஸ் பரிசோதனைக்குக் கூப்பிட்டாள். கோமளா குச்சியை விரித்துக்கொண்டு எழுந்தாள். அக்கா வாசலில்தான் நின்றார், பக்கத்தில் இருந்தது நான். இத்தனை மாதமாக நீட்டுகிற மாதிரியே அவளுக்கு முன்னால் என் கையை நீட்டினேன்.

அவள் நின்றாள். முகம் கொஞ்சம் தாழ்ந்து, கண்ணாடி என் கையின் பக்கம் திரும்பியது. பிறகு ஓர் அடி விலகி, கையைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக நடந்து போனாள்.

வார்டில் வெளிச்சம் போதாது. நான் கை நீட்டியது அவளுக்குத் தெரிந்திருக்காது.